சைரன் நின்ற பிறகு கேட்ட சத்தம்

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்பில் பேச எனக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தீர்கள். அதில் பாதியைப் புரொஜெக்டர் தின்றது. மீதிப் பாதியில் நான் என் முட்டிவலியைப் பற்றியே பேசிவிட்டுப் போய்விட்டேன் என்று பின்வரிசையில் யாரோ சொன்னதாகக் கேள்வி. உண்மைதான். சொல்ல வந்ததைச் சொல்லப் பயந்துதான் முட்டிவலியைப் பேசினேன். எழுதினால் பயம் கொஞ்சம் குறையும் என்று இதை எழுதித் தருகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் செகந்திராபாத்தில் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பாவுக்கு ஒர்க்‌ஷாப்பில் வேலை. நான் இருபது வருடத்துக்கு மேல் தொழிற்சாலை தொழிற்சாலையாக ஏறி இறங்கினேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காக, அங்கே வேலை செய்பவர்கள் விருப்பப்பட்டு வேலை செய்கிறார்களா, அடைத்து வைத்து வேலை வாங்குகிறார்களா என்று பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. இப்போது உங்கள் வேலை. விதிமுறை, மதிப்பெண், எந்தக் கட்டத்துக்கு எந்த நிறம் என்பதெல்லாம் உங்கள் டேப்லெட்டில் இருக்கிறது. அதில் நான் மூக்கை நுழைக்கப் போவதில்லை. அந்த நிறத்தைப் போடுவதற்கு முன்னால் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும் பாருங்கள், அந்த நேரத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு சின்னத் தப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நொறுக்குத் தீனிக் கம்பெனிக்குப் போனேன். பாக்கிங் செய்யும் ஒரு பெண் என்னிடம் தனியாக, "கேட் பூட்டியே இருக்கும். ஊருக்குப் போக விடமாட்டேங்கறாங்க" என்று சொன்னாள். எனக்கு ரத்தம் கொதித்தது. சாயங்காலம் முதலாளியோடு நடந்த கூட்டத்தில், "பாக்கிங்கில் ஒரு பெண்ணே சொல்கிறாள்" என்று மேஜையைத் தட்டினேன். பாக்கிங்கில் இருந்ததே இரண்டு பெண்கள்தான். மூன்று மாதம் கழித்து மறுபடி போனபோது அவள் இல்லை. ரெஜிஸ்டரில் "சொந்த விருப்பத்தின் பேரில் விலகினார்" என்று எழுதி, பக்கத்தில் கட்டைவிரல் ரேகை வைத்திருந்தார்கள். என் தாளில் அவள் மணிமணியாகக் கையெழுத்துப் போட்டிருந்தாள். கையெழுத்துப் போடத் தெரிந்தவளுக்கு எதற்குக் கைநாட்டு? அந்த நீல ரேகையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அது யாருடைய விரல் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அப்போது என்னோடு வந்த சீனியர் அதிகம் பேசாதவர். திரும்பி வரும்போது, "காதால கேட்டத வெளிய சொல்லாத. அத நீயே கண்ணால பார்க்கிற மாதிரி ஒரு வழி பண்ணு. பார்த்ததா மட்டும் எழுது" என்றார். அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நகரத்தின் ஓரத்தில் ஒரு தொழிற்பேட்டை. அங்கே ஆஸ்பத்திரிகளுக்கான கவுன், தொப்பி, மாஸ்க் தைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்று. பெயர் வேண்டாம். தையல் பிரிவில் எல்லோரும் பெண்கள். ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்து ஒரு கான்ட்ராக்டர் கூட்டிவந்தவர்கள். வளாகத்துக்குள்ளேயே ஹாஸ்டல். முதல் வருடம் நான் போனபோது சில பெண்கள் மாஸ்க்கைத் தாடையில் இறக்கிவிட்டுத் தைத்துக்கொண்டிருந்தார்கள். சுத்தம் பேண வேண்டிய இடமாயிற்றே என்று, "அனைவரும் எந்நேரமும் மாஸ்க், தொப்பி, கவுன் அணிந்திருக்க வேண்டும்" என்று குறையாக எழுதினேன். அடுத்த வருடம் போனால் அத்தனை பேரும் தலையிலிருந்து கால்வரை வெளிர்நீலத்தில் மூடியிருந்தார்கள். கண் மட்டும்தான் தெரிந்தது. நான் எழுதிய ஒரு வரிக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குப் பூரிப்பு. நல்ல மதிப்பெண் போட்டுவிட்டு வந்தேன்.

அங்கே வேலையாட்கள் விவகாரத்தைப் பார்க்கும் பர்சனல் மேனேஜர் ஆல்பர்ட். முப்பத்தைந்து வயது இருக்கும். செகந்திராபாத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். அவன் அம்மாவும் நானும் ஒரே கோவில், ஒரே பூசை. கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டுக் கேக் எங்கள் வீட்டுக்கு வரும். அவனுக்கு நான் ஆன்ட்டி. இந்த உறவையும் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள். அன்றைக்கு நான் வைத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது வருடம் போனது ஆகஸ்டில். நல்ல மழை. என்னோடு வந்தவர் பிரபு. கோயம்புத்தூர்க்காரர், ஹப்சிகுடாவில் வீடு, மனைவிக்கு ஐடியில் வேலை. ரெஜிஸ்டர்களைப் பார்ப்பது அவர் பொறுப்பு, ஆட்களோடு பேசுவது என் பொறுப்பு. காலையில் திருமுல்கேரியில் காரில் ஏறும்போது என் மூக்குக்கண்ணாடி மேல் நானே உட்கார்ந்துவிட்டேன். ஒரு கண்ணாடி நொறுங்கியது, இன்னொன்று கழன்று எங்கோ உருண்டது. "திரும்பிப் போயிரலாங்களா மேடம்?" என்று பிரபு கேட்டார். இத்தனை வருடத்தில் கேள்வித்தாள் மனப்பாடம், பார்க்கவே வேண்டாம் என்று ஜம்பமாகச் சொன்னேன்.

தையல் கூடத்து வாசலில் செருப்பு ஸ்டாண்ட். வரிசை வரிசையாக ஒரே மாதிரி ரப்பர் செருப்புகள், எல்லாம் ஒரே அளவு. கண்ணாடி இல்லாததால் குனிந்து கிட்டத்தில் பார்த்தேன். வெளியே முற்றம் முழுக்கச் சேறு. என் செருப்பில் ஒரு கிலோ மண் ஒட்டியிருந்தது. அந்தச் செருப்புகளின் அடியில் ஒரு துளி ஈரம்கூட இல்லை.

"என்ன சுத்தம் பாரு" என்று ஆல்பர்ட்டிடம் சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். ஹாஸ்டலிலிருந்து அந்த வாசலுக்கு முற்றத்தைக் கடந்துதான் வரவேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்தப் பெண்களை வெளியே விடுவதே இல்லை என்று உறைக்காமல் பாராட்டினேன்.

"ஹவ் ஆன்ட்டி, நீங்க சொன்னா அப்பீல் உண்டா?" என்று சிரித்தான். "ஹவ்" என்றால் எங்கள் ஊர் இந்தியில் ஆமாம்.

உள்ளே தையல் மெஷின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. நீங்களும் நிறையத் தையல் கூடங்களைப் பார்ப்பீர்கள். எவ்வளவு கெடுபிடியான இடமாக இருந்தாலும் யாராவது இருமுவார்கள், யாராவது பக்கத்தில் இருப்பவளிடம் நூல் கேட்பார்கள். இங்கே நான் வரிசைகளுக்கு நடுவே நடந்தபோது ஒருத்தியும் நிமிரவில்லை. நான் கடந்துபோன பிறகு மட்டும் முதுகில் கண்கள் படுவதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தால் எல்லாத் தலையும் குனிந்தே இருந்தது. மழைக் குளிர்தான் என்று சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

ரெஜிஸ்டரிலிருந்து நானே பன்னிரண்டு பெயர்களைக் குறித்துக் கொடுத்தேன். முதலுதவி அறையில் உட்கார்ந்தேன். கதவின் மேல்பாதி கண்ணாடி. அதற்கு வெளியே பெண் சூப்பர்வைசர் ஒருத்தி நின்றாள். ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம், முடிந்ததும் தட்டுவோம் என்றார்கள். உற்பத்தி கெடக்கூடாதாம். சரி என்றேன். பேச்செல்லாம் இந்தியில்தான். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

தாளைப் பார்க்க முடியாததால் கேள்விகள் என் வாய்க்கு வந்த வரிசையில் வந்தன. வழக்கமாக வேலை நேரத்தில் தொடங்குவேன். அன்றைக்கு ஆதாரில் தொடங்கினேன்.

"உங்க ஆதார் கார்டு யார்கிட்ட இருக்கு?"

"எட்டு மணி நேரம் மேடம்."

"வேலை நேரம் இல்லம்மா. கார்டு."

"ஞாயித்துக்கிழமை லீவு மேடம்."

பதற்றமாக இருக்கும் என்று நினைத்து வேறு கேட்டேன். "வீட்டுக்குக் கடைசியா எப்ப பேசினீங்க?"

"என்கிட்டதான் இருக்கு மேடம்."

மாஸ்க்குக்கு மேலே கண்கள் இமைக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டேன். "வெளிய மழை பெய்யுதா?"

"எப்ப வேணும்னாலும் போகலாம் மேடம்."

அடுத்து வந்தவளும் அப்படியே. அதற்கடுத்தவளும் அப்படியே. எட்டுக் கேள்விகளுக்கான எட்டுப் பதில்களும் எங்கள் தாளில் இருக்கும் அதே வரிசையில், ஒரே இழுப்பில், ஒரே இடத்தில் மூச்சு வாங்கி வந்தன. பாதிப் பேருக்கு இந்தியே தெரியாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. அவர்களுக்கு அது வெறும் சத்தம். இரண்டு வருடமாக நான் தாளைப் பார்த்து வரிசையாகக் கேட்டேன், அவர்கள் வரிசையாகச் சொன்னார்கள், நான் திருப்தியாக எழுதிக்கொண்டு போனேன். மாதாகோவிலில் பாதிரியார் ஒரு வரி சொல்ல நாங்கள் மறுவரி சொல்வோமே, அப்படித்தான் நடந்திருக்கிறது.

ஒன்பதாவதாக ஒருத்தி வந்தாள். அட்டையில் ரீனா என்று இருந்தது. நான் வாயைத் திறக்கும் முன்பே எட்டுப் பதில்களையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தாமல், அதே இழுப்பில், "பத்து நிமிஷத்துல கதவைத் தட்டுவாங்க. நீங்க எழுதிக்கிட்டே இருங்க, தலையாட்டிக்கிட்டே இருங்க" என்றாள்.

நான் எழுதினேன். என்ன எழுதினேன் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்த செபத்தை எழுதினேன். வெளியே நின்றவளுக்கு மாஸ்க் அசைவதுதான் தெரியும், வாய் தெரியாது.

"நான் ரீனா இல்ல. ரீனா மாடியில இருக்கா. கையில ஊசி ஏறி நாலு நாளாச்சு. கை கருத்துப் போச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லி அழுதா. தண்ணித் தொட்டி ரூம்ல போட்டுப் பூட்டிட்டாங்க. நீங்க கிளம்பினதும் வண்டி வரும். வேற யூனிட்டுக்கு அனுப்புறாங்களாம்."

"வேற யூனிட் எங்க இருக்கு?"

"யாருக்கும் தெரியாது. முன்னாடி ரெண்டு பேரு அப்படித்தான் போனாங்க. அவங்க பேருக்கு நேரா இப்பவும் நாங்கதான் கையெழுத்துப் போடுறோம்."

கதவு தட்டப்பட்டது. அவள் எழுந்து, "நல்லா நடத்துறாங்க மேடம்" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

இப்போது சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? மேலே ஒரு பெண் கை அழுகிக் கிடக்கிறாள். ஓடிப்போய்க் கதவை உடைக்க வேண்டும் என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த நிமிடம் நான் எழுந்தால், கடைசியாக யார் உள்ளே வந்து போனாள் என்பது சூப்பர்வைசருக்குத் தெரியும். சொன்னவளின் கதி என்ன ஆகும்? இன்னும் மூன்று பேர் பாக்கி. மூன்று பேரையும் உட்காரவைத்து, ஒவ்வொருவருக்கும் முழுதாகப் பத்து நிமிடம் கேள்வி கேட்டேன். நாங்கள் கிளம்பினால்தானே வண்டி வரும், அதுவரை ரீனா இங்கேதான் இருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த அரை மணி நேரம் சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அந்தக் கைக்கு ஒவ்வொரு நிமிடமும் விஷம் ஏறிக்கொண்டிருந்தது.

வெளியே வந்தால் ஆல்பர்ட்டும் பிரபுவும் காபியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். மற்றத் தொழிற்சாலைகளில் இந்த மாதிரி நேரத்தில் தமிழில் பேசிக்கொள்வோம், சுற்றி இருப்பவர்களுக்குப் புரியாது. இங்கே ஆல்பர்ட்டுக்குத் தமிழ் தாய்மொழி. பிரபுவோ, "ரெஜிஸ்டர் எல்லாம் பக்காவா இருக்குங்க மேடம். ஒரு வருஷமா ஒருத்தருகூட ஒரு நாள் லீவு போடலைங்க" என்று மகிழ்ச்சியாகச் சொன்னார்.

அவருடைய டேப்லெட்டை வாங்கி, குறிப்பு எழுதும் கட்டத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டினேன்: "மாடியில் ஒரு பெண்ணைப் பூட்டியிருக்கிறார்கள். நாம் போனால் கொண்டுபோய்விடுவார்கள். சொன்னவள் மாட்டக்கூடாது." திருப்பிக் கொடுத்தேன். பிரபு படித்தார். காபியை ஒரு வாய் குடித்தார்.

"சரிங்க மேடம்" என்றார். பிறகு ஆல்பர்ட் பக்கம் திரும்பி, "ஃபயர் டிரில் போட்டோ எல்லாம் பார்த்தேனுங்க. ஆனா இந்த வருஷத்திலிருந்து நேர்ல ஒருக்கா நடத்திப் பார்க்கோணும்னு சொல்லியிருக்காங்க. இப்பவே வெச்சுக்கலாங்களா?" என்றார்.

அப்படி யாரும் சொல்லவில்லை. நான் செய்ய வேண்டியதை அந்த மனிதர் மூன்று நொடியில் கண்டுபிடித்தார். தீ விபத்துப் பயிற்சி என்றால் எல்லாக் கதவும் திறக்க வேண்டும், எல்லோரும் முற்றத்துக்கு வர வேண்டும், பெயர் கூப்பிட்டு எண்ண வேண்டும். யாரோ சொல்லித்தான் தேடுகிறோம் என்று யாரும் சந்தேகப்படவும் முடியாது.

"காய்கு ஆன்ட்டி? மழையில எதுக்கு?" என்று, ஊர் இந்தியில் ஏன் என்று கேட்டு, ஆல்பர்ட் என்னைப் பார்த்தான்.

"மழை வந்தா தீ பிடிக்காதா? அஞ்சு நிமிஷம்தான். ரிப்போர்ட்ட முடிச்சிட்டுக் கிளம்புறோம்" என்றேன். கிளம்புகிறோம் என்ற சொல்தான் அவனை எழவைத்தது.

சைரன் அலறியது. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் எழுந்திருக்கவில்லை.

எத்தனையோ டிரில் பார்த்திருக்கிறேன். சிரித்துக்கொண்டு ஓடுவார்கள், தள்ளிக்கொள்வார்கள், செருப்பைத் தேடுவார்கள். இங்கே எண்பது பெண்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாசல் திறந்துதான் இருந்தது. ஒரு கண்கூட வாசல் பக்கம் போகவில்லை. எல்லாக் கண்ணும் சூப்பர்வைசர் மேல். நிஜமாகவே தீ பிடித்திருந்தாலும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்கு அப்போது புரிந்தது.

"வெளிய போங்க! எல்லாரும் வெளிய!" என்று நான்தான் கத்தினேன்.

வரிசை வரிசையாக எழுந்து நடந்தார்கள். வாசல்படியில் முதல் பெண் நின்றாள். சேற்றில் கால் வைக்கலாமா என்று யாரிடமோ கேட்பதுபோல் திரும்பிப் பார்த்தாள். பிறகு இறங்கினாள். முற்றத்தில் நிற்கவைத்து மாஸ்க்கைக் கழற்றச் சொன்னேன். மூன்று வருடத்தில் முதல்முறையாக எல்லா முகங்களையும் ஒன்றாகப் பார்த்தேன். பிரபு பெயர் கூப்பிட்டு எண்ணத் தொடங்கினார். ஆல்பர்ட் சைரனை நிறுத்தச் சொன்னான்.

சைரன் நின்ற பிறகு வேறொரு சத்தம் கேட்டது.

மேலேயிருந்து. இரும்பில் இரும்பு மோதும் சத்தம். இரண்டு அடி, ஒரு இடைவெளி, மறுபடி இரண்டு அடி.

"அது மோட்டார் ஆன்ட்டி, தண்ணி ஏறுது" என்றான் ஆல்பர்ட்.

நான் அந்தப் பெண்களைப் பார்த்தேன். தலைக்கு மேலே ஏதோ இடிக்கும் சத்தம் கேட்டால் மனுஷர் நிமிர்ந்து பார்ப்பது இயல்பு. எண்பது பேரில் ஒருத்தியும் நிமிரவில்லை. எல்லோரும் காலடிச் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் வேகமானது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேலே இருப்பவளுக்கு இது டிரில் என்று தெரியாது. கட்டடம் எரிகிறது, தன்னைப் பூட்டிவிட்டு எல்லோரும் ஓடிவிட்டார்கள் என்று நினைத்து அடித்துக்கொண்டிருக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் புத்திசாலித்தனமாகத் திட்டம் போட்டோமே, அவளை நினைத்தோமா? கடவுளே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

பின்வரிசையில் ஒரு தலை நிமிர்ந்தது. அது யார் என்று நான் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன். பிறகு பக்கத்தில் இன்னொன்று. பிறகு எல்லோரும் ஒருசேர நிமிர்ந்து மொட்டை மாடியைப் பார்த்தார்கள். முகத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது, ஒருத்தியும் துடைக்கவில்லை.

"மேடம், கணக்குல மூணு பேரு குறையுதுங்க" என்றார் பிரபு.

"மாடிச் சாவி எங்க ஆல்பர்ட்?"

"ஓனர்கிட்ட ஆன்ட்டி. நிஜமா."

அவன் இடுப்பில் சாவிக்கொத்து தொங்கியது. கத்தியிருக்கலாம். கத்தினால் அவன் முரண்டு பிடிப்பான், கேட்டில் இருக்கும் ஆட்கள் வருவார்கள். பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன்: "அந்தப் பொண்ணு உள்ளயே போயிட்டா, சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னுதான் முதல்ல கேட்பாங்க. ஓனர் வரமாட்டாரு. நீதான் நிப்ப."

பின்னால் பிரபு எல்லோருக்கும் கேட்கும்படி போலீஸுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். ஆல்பர்ட் கொத்தைக் கழற்றினான். சாவி நழுவிக் கீழே விழுந்தது. "அம்மாவுக்குச் சொல்லாதீங்க ஆன்ட்டி" என்றான். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அருவருப்பாகவும் இருந்தது. நானே குனிந்து சேற்றிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு படியேறினேன்.

கதவைத் திறந்தபோது அவள் இடது கையில் ஒரு குழாய்த் துண்டோடு நின்றாள். தொட்டிக் குழாயைத் திறந்து தலைமுதல் கால்வரை நனைத்துக்கொண்டிருந்தாள். ஈரத் துப்பட்டாவை மூக்கில் சுற்றியிருந்தாள். புகை வராமல் இருக்க. வலது கை உருத்தெரியாமல் வீங்கி, மார்போடு ஒட்டிக்கிடந்தது. கதவு திறந்த பிறகும் அவள் கை இரண்டு முறை காற்றில் அடித்தது. என்னைப் பார்த்து, "எல்லாரும் வெளிய போயிட்டாங்களா?" என்று கேட்டாள்.

போய்விட்டார்கள் என்றேன். சாகப்போகிறோம் என்று அவள் நினைத்த அந்தச் சில நிமிடங்களை அவளுக்குக் கொடுத்தது நான். வேறு வழி இருந்ததா என்று இன்றுவரை தேடுகிறேன்.

போலீஸ் வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது, தொழிலாளர் துறை ஆட்கள் வந்தார்கள். கான்ட்ராக்டர் அறையில் ஒரு தகரப் பெட்டியில் எல்லோருடைய ஆதாரும் போனும் இருந்தன. கையெழுத்து மட்டும் இருந்து ஆள் இல்லாத இருவரில் ஒருத்தியைப் பிறகு கண்டுபிடித்தார்கள். இன்னொருத்தியை இன்னும் தேடுகிறார்கள். ஆல்பர்ட் மேல் வழக்கு நடக்கிறது. அவன் அம்மா கோவிலில் இப்போது என் பக்கத்தில் உட்காருவதில்லை. அந்தப் பெண்களை அரசு விடுதியில் வைத்திருந்தபோது ஒருநாள் போனேன். எனக்கு மாடியைப் பற்றிச் சொன்னவள் தட்டோடு என்னைக் கடந்து போனாள், முன்பின் பார்த்திராதவள் போல. நானும் அப்படியே சாம்பார் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் யாரென்று பிரபுவுக்குக்கூட நான் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரியில் ரீனாவைப் பார்த்தேன். ஒரு விரல் போய்விட்டது, கை பிழைத்துவிட்டது. ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். என்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன், நான் இன்னார், இந்த வேலைக்காக வந்தேன் என்று.

"உங்களத் தெரியும் மேடம்" என்றாள். "போன வருஷமும் வந்தீங்க. அந்த ரூம்ல நான் உங்க முன்னாடி உட்கார்ந்தேன்."

எனக்கு நினைவில்லை.

"கார்டு என்கிட்டதான் இருக்குன்னு சொல்லிட்டு, இல்லன்னு தலையை ஆட்டினேன். மூணு தடவை ஆட்டினேன். வாயால சொன்னா கேட்டுரும்னு பயம்." ஆரஞ்சுச் சுளையைக் கையிலேயே வைத்திருந்தாள். "நீங்க தாளைப் பார்த்து எழுதிக்கிட்டே இருந்தீங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆபீஸுக்குப் போய் முந்தைய வருடத்துத் தாள்களை எடுத்துப் பார்த்தேன். அவள் பெயர் இருந்தது. அதற்கு நேராக என் கையெழுத்தில் இரண்டு சொற்கள்: "குறை இல்லை."